உழைச்செல்வார்: அக்கிக்குப் பின்வரும் பக்கவாதமும் செவிலியர் பணியும்



இலக்கிய விழாவில் நோயைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்புக்கு விடை திருக்குறளிலேயே உள்ளது. வாழ்வின் எக்கூற்றையும் விலக்காத வள்ளுவப் பெருந்தகை, 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை வகுத்தார். அதன் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கு கூறுகள். நான்காமவனை அவர் 'உழைச்செல்வான்' என்னும் சொல்லால் குறித்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே சென்று நிற்பவன் உழைச்செல்வான். மருத்துவர் ஒரு நாளில் சில மணித்துளிகளே நோயாளியிடம் இருப்பார். எஞ்சிய பொழுதெல்லாம் இருப்பவர் இந்த நான்காமவரே.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றற்கும் நான்கு பண்புகளை வகுத்துக் காட்டுவார். உழைச்செல்வானுக்கு அவர் கூறும் பண்புகள் நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் ஆகிய மூன்றிலும் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பனவாம். வடமொழியில் சரக சங்கிதையும் அறிவு, திறன், அன்பு, தூய்மை என்னும் இந்நான்கையே நோயாளிக்குத் துணைநிற்பவரிடம் எதிர்பார்க்கிறது. உரையாசிரியர் அன்பை முதலில் வைத்தார்; ஆனால் அன்போடு நின்றுவிடவில்லை.

தமிழ்ச் சமுதாயமோ இன்று பெரும்பாலும் அன்போடு நின்றுவிடுகிறது. வீட்டில் ஒருவர் பக்கவாதத்தால் விழுந்தால், மனைவியோ மகளோ மருமகளோ அவர் பக்கத்தில் அமர்த்தப்படுகிறாள். அவளிடம் அன்பு உண்டு. ஏனைய மூன்றையும் எவரும் அவளுக்குக் கற்பிப்பதில்லை. ஆயினும் அவை அவளிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. அறிவின் துணையற்ற அன்பு சில வேளைகளில் உயிருக்கே ஊறு செய்யும். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் ஒரு நோய்நிலை, அம்மைக்கும் அக்கிக்கும் பின்னர் வரும் பக்கவாதமாகும்.

செவிலி என்னும் சொல்

சங்க அகப்பாடல்களைக் கற்றோர் செவிலியை நன்கறிவர். தலைவியை ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழியைப் பெற்றவளும் அவளே. தலைவியின் மேனி வாடுவதையும், நிறம் மாறுவதையும், உணவு குறைவதையும் அருகிருந்து காண்பவள் அவள். காண்பதைக் கொண்டு காரணத்தை ஆராய்பவளும் அவள். வளர்ப்புத் தாயைக் குறித்த இச்சொல்லை இருபதாம் நூற்றாண்டுத் தமிழ், நோயாளியைப் பேணும் தொழிலருக்கு வழங்கியது. ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'தாதி' என்னும் சொல் வழங்குகிறது. இரண்டும் தாய்மையை அடியாகக் கொண்டவையே.

சொல்லில் தாய்மை இருப்பது சிறப்பே. ஆனால் அதனாலேயே ஒரு தவறான எண்ணமும் வேரூன்றியது. செவிலியர் பணி கல்வியின்றியே பெண்ணுக்கு இயல்பாக வாய்ப்பது என்பதே அவ்வெண்ணம். வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909ஆம் ஆண்டிலேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளி 1946ஆம் ஆண்டில் பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. இரக்கம் மட்டும் போதுமெனில், அங்குப் பள்ளியும் கல்லூரியும் வேண்டியிருந்திரா.

அம்மையும் அக்கியும்

சின்னம்மையும் அக்கியும் இருவேறு நோய்கள் எனப் பொதுமக்கள் கருதுகின்றனர். இரண்டையும் தோற்றுவிப்பது ஒரே நச்சுயிரிதான். வேரிசெல்லா சாஸ்டர் என்பது அதன் பெயர். இளமையில் சின்னம்மையாக வரும் இந்த வைரஸ், கொப்புளங்கள் உதிர்ந்த பின்னும் உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ பிற நோயாலோ உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து, பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. அதுவே அக்கி.

அவ்வைரஸ் எப்போதும் தோலை நோக்கியே செல்வதில்லை. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளின் சுவரையும் நரம்பிழைகளின் வழியே சென்றடையக்கூடும். அங்குச் சுவர் அழற்சியுற்று வீங்கும். குழாயின் உள்வழி சுருங்கும். குருதி உறைந்து அடைக்கும். அப்பகுதி மூளை உயிர்வளியின்றி மடியும். அந்நிலையே பக்கவாதம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அக்கி கண்டவர்களுக்கு இவ்விடர் மிகுதி. கொப்புளம் தோன்றிய அன்றே பக்கவாதம் வரவேண்டும் என்பதில்லை. சில வாரங்கள், ஏன், சில மாதங்கள் கழித்தும் வரலாம். சின்னம்மை கண்ட குழந்தைகளுக்கும் அரிதாக, ஓராண்டிற்குள், இத்தகைய பக்கவாதம் வருவதுண்டு.

ஏனைய வைரஸ்களும் இப்பழிக்கு உட்பட்டவையே. இன்புளூயன்சாக் காய்ச்சலுக்குப் பின் பக்கவாத இடர் சிலகாலம் உயர்ந்து நிற்கும். கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், நியூயார்க் நகர மருத்துவர்கள் இரண்டு வார இடைவெளியில் 50 வயதுக்குட்பட்ட 5 பேருக்குப் பெருந்தமனி அடைத்துப் பக்கவாதம் வந்ததை அறிவித்தனர். காய்ச்சல் தணிந்துவிட்டது என்பதாலேயே நோய் முடிந்துவிட்டது என்று கொள்ளலாகாது என்பதே இவற்றின் பாடம்.

ஓர் இல்லம்

இத்தகைய துயரம் தமிழ் இல்லங்களில் நிகழும் முறையை விளக்க, ஓர் இல்லத்தைக் கற்பனையில் நிறுத்திப் பார்க்கலாம்.

அறுபது வயதைக் கடந்த ஒரு நெசவாளர். அவருக்கு வலப்பக்க நெற்றியிலும் கண்ணிமை மேலும் அக்கி கண்டது. வழக்கப்படி குயவர் இல்லத்திற்குச் சென்று காவிமண் குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளங்கள் காய்ந்தன. மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருநாள் காலை அவர் கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது. இடக்கை தொங்கியது, வாய் ஒருபுறம் கோணியது, சொற்கள் குழறின. "மாமா, என்ன செய்கிறது?" என்று மருமகள் ஓடிவந்தாள். அண்டை வீட்டு முதியவள், "வாயு பிடித்திருக்கும், வெந்நீர் கொடு பெண்ணே" என்றாள். மருமகள் பதற்றத்தோடு வெந்நீரை வாயில் ஊற்றினாள். அவர் இருமினார், புரையேறியது, மீண்டும் ஊற்றினாள். உறவினர் வந்து கூடி, வண்டி பிடித்து, மருத்துவமனையை அடையும்போது நண்பகல் கடந்துவிட்டது.

மருத்துவமனையில், "இதற்கு முன் வேறு நோய் ஏதும் உண்டா?" என்று கேட்டனர். "ஒன்றுமில்லை" என்று குடும்பத்தார் உறுதியாகக் கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அகராதியில் அக்கி நோயன்று; எழுதினால் போவது. அம்மையும் நோயன்று, தாய் வந்து போவது. இரவில் நோயாளியின் முகத்தைத் துடைத்த செவிலி, வலப்புருவத்தின்மேல் ஆறிவரும் வடுக்களையும் மயிரடியில் ஒட்டியிருந்த காவியையும் கண்டாள். "அக்கி எழுதினீர்களா அம்மா?" என்று மருமகளிடம் கேட்டாள். "ஆமாம், போன மாதம்" என்று விடை வந்தது. அந்த ஒரு விடை மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தனர். அசைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியே செலுத்தத் தொடங்கினர்.

இல்லம் கற்பனையே, ஆனால் அதில் நிகழ்ந்தவை ஒவ்வொன்றும் நிகழக்கூடியவை. பரிமேலழகர் வகுத்த நான்கு பண்புகளையும் இவ்வில்லத்தை முன்வைத்து ஆராய்வது பொருந்தும்.

அன்பு

மருமகளின் அன்பில் குறையில்லை. ஆனால் அவள் ஊற்றிய வெந்நீர் அவர் உயிரைக் குடித்திருக்கக்கூடும். பக்கவாதத்தில் கைகால் மட்டும் செயலிழப்பதில்லை. விழுங்கும் தசைகளும் தளர்கின்றன. அந்நிலையில் நீர் உணவுக்குழாயை விடுத்து மூச்சுக்குழாய்க்குள் புகும். அதனால் நுரையீரல் அழற்சியுற்று நிமோனியா வரும். பக்கவாதத்திலிருந்து தப்பியவர்களை மாய்க்கும் காரணங்களுள் அது முதன்மையான ஒன்று. எனவே விழுங்கும் ஆற்றலைத் தேர்ந்தவர் சோதித்து இசைவு தரும்வரை நீரோ பாலோ கஞ்சியோ மாத்திரையோ வாய்வழி எதுவும் தரலாகாது. எளிதில் இறங்கும் என மக்கள் எண்ணும் நீரே மிகுதியும் புரையேறும். சற்றுக் கெட்டியான உணவு பலருக்குப் பாதுகாப்பானது. எது தகும் என்பதைச் சோதனையே சொல்லும்.

உணவு தர இசைவு கிடைத்த பின்னும் நோயாளியை நிமிர்ந்து அமரச் செய்து, சிறு கவளமாக, ஒன்று இறங்கிய பின்னரே அடுத்ததை ஊட்ட வேண்டும். உண்ட பின் அரை மணி நேரமேனும் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். வாயின் தளர்ந்த பக்கத்தில் உணவு தங்கியிருக்கிறதா எனப் பார்த்துத் துடைக்க வேண்டும். பசியோடிருப்பவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் காத்திருப்பது அன்பின்மை போலத் தோன்றும். அக்காத்திருப்பே அங்கு அன்பின் வடிவம்.

தூய்மை

அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகும்வரை அவற்றின் நீரில் வைரஸ் உயிரோடு இருக்கும். சின்னம்மை காணாத ஒருவர் அதனைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். ஆதலின் கொப்புளங்களை மூடி வைப்பதும், தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், சின்னம்மை காணாத கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் விலக்கி வைப்பதும் செவிலியின் கடன். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகி அயலாரைத் தடுத்த முன்னோர் மரபில், நோயரைத் தனிப்படுத்தும் நல்லுணர்வு இருந்தது. அவ்வுணர்வைப் போற்றலாம். மருத்துவரிடம் செல்வதே குற்றம் என்னும் அச்சத்தை விலக்க வேண்டும். அக்கிக்குரிய மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவது மிகுந்த பயன் தரும். கண்ணருகே அக்கி எனில் கருவிழியும் புண்படக்கூடும். அங்குக் காவியோ பிற பூச்சோ பூசுவது பார்வைக்கே கேடாக முடியலாம்.

மொழித் தூய்மையும் வேண்டும். அக்கி ஆறிய பின்னும் அந்நரம்பின் வழியில் எரிச்சல் பல மாதங்கள் நிற்பதுண்டு. துணி உரசினாலும் பொறுக்கவியலாத வலி அது. "சும்மா அலறுகிறார்" என்று சொல்லும் நாவும் மாசுற்றதே. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது. நோயாளியின் செவி கேட்கவே, "இனி இவர் எழமாட்டார்" என்று உறவினர் உரைப்பது நஞ்சு ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

வன்மை

சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை என்பது இரவும் பகலும் தளராமல் செய்யும் வினைத்திட்பம். தானே புரளவியலாதவரை இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கச் செய்ய வேண்டும். தவறினால் முதுகடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் தோன்றும். ஓர் இரவின் அயர்வால் தோன்றும் புண் ஆறப் பல மாதங்கள் ஆகலாம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கலாகாது. தசைப்பிடிப்பு இழந்த தோள்மூட்டு நழுவி, தீராத வலியாக முடியும். முதுகின் பின்னும் இடுப்பிலும் கைகொடுத்தே எழுப்ப வேண்டும். தளர்ந்த கையைத் தலையணை மேல் தாங்கி வைக்க வேண்டும். மூட்டுகள் இறுகிவிடாதபடி நாள்தோறும் மெல்ல அசைத்துத் தர வேண்டும்.

அசைக்ளோவிர் எட்டு மணிக்கொருமுறையாக ஏறத்தாழ 14 நாள் நரம்பு வழியே செலுத்தப்படும் மருந்து. உடலில் நீர் குறைந்தால் அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து ஊறு செய்யும். ஆதலின் உள்ளே சென்ற நீரையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து எழுதுவதும் செவிலியின் பணி. புறத்தே பார்ப்பவருக்கு அது வெறும் கணக்கெழுதுதல்; அகத்தே அது சிறுநீரகத்தைக் காத்தல்.

இவ்வளவையும் வீட்டில் ஒரே பெண் செய்கிறாள். ஆடவர் ஒருவரின் உடலைத் தூக்கி அவள் முதுகு நோகிறது, மலசலம் துடைப்பதில் இருவர் மானமும் கூசுகிறது, உறக்கம் கெடுகிறது. வன்மை என்னும் பண்பை ஒருத்தியிடம் மட்டும் வேண்டுவது அறமன்று. மகனும் மகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டிய பொறை அது.

அறிவு

பக்கவாதத்தில் அறிவின் முதற்படி காலத்தை அறிதல். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செய்க என்று 949ஆம் குறளில் வள்ளுவர் வகுத்தது இந்நோய்க்கு மிகவும் பொருந்தும். பெருந்தமனி அடைபட்ட மூளையில் நிமிடத்திற்குப் பத்தொன்பது லட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006இல் வெளியான ஒரு கணக்கீடு உரைத்தது. உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசிமருந்தின் பயன், 3 மணி நேரத்திற்குள் செலுத்தினால் உண்டு என 1995ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. 2008ஆம் ஆண்டு ஆய்வு அவ்வெல்லையை நாலரை மணி நேரமாக நீட்டித்தது. எல்லா நோயாளிக்கும் அவ்வூசி பொருந்தாது. படம் எடுத்துப் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். ஆனால் காலம் கடந்தபின் முடிவு செய்வதற்கே இடமில்லை. முகம் கோணுதல், கை தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் வெந்நீர் தேடாமல், தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கும் 108 ஊர்தியை அழைப்பதே செயற்பாலது.

இரண்டாவது, கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிதல். மருத்துவர் கேட்ட வினாவில் தவறில்லை. ஆயினும் அவ்வினா குடும்பத்தாரின் மொழியில் அமையவில்லை. செவிலி 'அக்கி எழுதுதல்' என்னும் வழக்கை அறிந்திருந்தாள். அதனால் விடை கிடைத்தது. "அம்மை வார்த்திருந்ததா? முத்துப் போட்டிருந்ததா? அக்கி எழுதினீர்களா?" என்று மக்கள் சொல்லிலேயே கேட்பதும் நோயறியும் கருவிதான். மக்கள் மொழியை அறிதல் அங்கே மருத்துவ அறிவாகிறது.

மூன்றாவது, நோயாளியின் செயலுக்குக் காரணம் அறிதல். வலப்பக்க மூளை பழுதுற்றால் இடப்பக்க உடல் தளர்வதோடு, இடப்பக்க உலகமே சிலருக்கு மறந்துபோகும். இலையில் வலப்பாதியை மட்டும் உண்டு, "சோறு போதவில்லை" என்பர். இடப்பக்கம் நிற்கும் மகனைக் காணாதவர் போல் இருப்பர். இது பிடிவாதமோ பாராமுகமோ அன்று, மூளையின் ஊறு. அறிந்த செவிலி இலையைத் திருப்பி வைப்பாள். நீர்ச்செம்பை எட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு, இடப்பக்கமாக அமர்ந்து பேசி அவர் கவனத்தை மெல்ல அப்பக்கம் ஈர்ப்பாள்.

இடப்பக்க மூளை பழுதுற்றோர் நிலை வேறு. பலருக்குச் சொல்லே தொலைகிறது. பொருள் நெஞ்சில் நிற்கும். சொல் நாவுக்கு வராது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861ஆம் ஆண்டில் இத்தகைய ஒருவரின் மூளையை ஆராய்ந்தே, பேச்சுக்குரிய இடத்தைக் காட்டினார். இவர்களுள் சிலர் தம் மகன் பெயரைச் சொல்லவியலாமல் தவிப்பர். ஆனால் நாள்தோறும் பாடிய பக்திப் பாடலைத் தொடங்கிவிட்டால் உடன் பாடுவர். ஒன்று, இரண்டு என்று எண்ணுவர். அவர்களை ஊமை என்றோ அறிவு மழுங்கியவர் என்றோ கருதுவது பெரும்பிழை. 'ஆம்', 'இல்லை' என்று தலையசைத்து விடை தரத்தக்க சிறுவினாக்களைக் கேட்டு, விடைக்குப் பொறுமையோடு காத்திருப்பவரே அவர்களுக்கு உற்ற செவிலியர்.

இரு ஆய்வுகள் தரும் பாடம்

செவிலியர் பணியின் பயனை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 2011ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் அவ்வாய்வு நடந்தது. புதுமருந்து எதுவும் அதில் இல்லை. காய்ச்சலை அடிக்கடி அளந்து தணித்தல், குருதிச் சர்க்கரையைக் கண்காணித்தல், உண்ணக் கொடுக்குமுன் விழுங்கும் ஆற்றலைச் சோதித்தல் ஆகிய மூன்றையும் செவிலியர் முறையாகச் செய்தனர். 90ஆம் நாளில், வழக்கமான பேணலைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 58 பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். செவிலியர் நெறியைப் பெற்றவர்களுள் அத்தொகை 42. மருந்தன்று, பேணலே அவ்வேற்றுமையை விளைவித்தது.

மற்றோர் ஆய்வு இந்தியாவில் நடந்தது. 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்த அவ்வாய்வின் முடிவு 2017ஆம் ஆண்டில் அதே இதழில் வெளிவந்தது. குடும்பத்தார் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தந்து, வீட்டில் அவரே மீட்புப் பயிற்சி அளிக்கும்படி செய்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், பயிற்சி பெற்ற குடும்பத்திலும் பெறாத குடும்பத்திலும் நூற்றுக்கு 47 நோயாளிகள் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். வேறுபாடில்லை.

இம்முடிவைக் கொண்டு குடும்பத்தாருக்குக் கற்பிப்பது வீண் என்று கொள்ளலாகாது. புரையேறாமல் ஊட்டவும் தோள் நழுவாமல் தூக்கவும் அவர்கள் கற்கத்தான் வேண்டும். ஆனால் தேர்ந்த செவிலியரின் இடத்தைச் சில நாட் பயிற்சி பெற்ற குடும்பப் பெண்ணைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்னும் எண்ணத்திற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. அவளுக்கு உதவியாக உழைச்செல்வார் ஒருவர் வீடு தேடிச் செல்ல வேண்டும். தமிழக அரசு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறை மருத்துவத்தையும் படுக்கையில் உள்ளோர்க்கான ஆதரவுப் பேணலையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுசெல்லும் நோக்குடையது. அத்தகைய முயற்சிகள் பக்கவாத நோயரின் விழுங்கலையும் தோலையும் மனத்தையும் முறையாகக் கவனிக்கும் அளவிற்கு வளர்வதே விழையத்தக்கது. வருமுன் காப்பதற்கும் வழியுண்டு. அக்கிக்கான தடுப்பூசி இந்தியாவில் 2023ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. 50 வயதைக் கடந்தோர் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யலாம்.

இலக்கிய வட்டத்தின் கடன்

இவற்றில் ஓர் இலக்கிய வட்டத்திற்கு என்ன பணி என்று வினவலாம். பணி உண்டு, அதனை இலக்கிய வட்டமே செய்யவியலும்.

நோயாளி மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும்போது ஒரு தாள் தரப்படுகிறது. எம்மருந்தை எப்போது தருவது, எவ்வுணவு தகும், எக்குறி கண்டால் மீண்டும் வருவது என்பன அதில் இருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனைக் கையில் வாங்கும் மருமகளுக்கோ அம்மொழி தெரியாது. சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்க என்று உரையாசிரியர் விதித்தார். சொல்லியது எது என்று விளங்காத மொழியில் சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று அவளைக் குறைகூறுவது எவ்வகையில் முறையாகும்?

கலைச்சொல்லாக்கம் தமிழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. நூலகத்திற்குரிய சொற்கள் பல பிறந்தன. நோயாளியின் கட்டிலருகே பயன்படும் சொற்களும் வாக்கியங்களும் வேண்டும். 'புரையேறினால் ஊட்டுவதை நிறுத்துக', 'இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றுக', 'கையைப் பிடித்து இழுக்காதீர்', 'அக்கி கண்டதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுக' என்று, எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் உணரும் தமிழில், ஒரு பக்கத் தாளாக எழுதித் தருவது தமிழறிந்தோர் கடன். மருத்துவரும் செவிலியரும் பொருளைச் சரிபார்க்கட்டும். தமிழாசிரியர் சொல்லைச் சீர்செய்யட்டும். வட்டத்தின் இளைஞர் அதனை அச்சிட்டு அரசு மருத்துவமனை வாயிலில் வழங்கட்டும். பத்தாண்டு நிறைவை ஒட்டி ஓர் இலக்கிய வட்டம் செய்யத்தக்க அறங்களுள் இது சிறந்தது.

நெசவாளர் இல்லத்து மருமகள் மீண்டும் ஒருமுறை எண்ணத்தில் தோன்றுகிறாள். அவள் கையில் செம்பு இருக்கிறது. கண்ணில் நீர் இருக்கிறது. அவளிடம் அன்பு நிறைந்திருக்கிறது. 'இப்போது ஊற்றாதே, அம்மா. முதலில் ஊர்தியை அழை' என்னும் ஒரு வரித் தமிழ் அவளுக்கு எட்டியிருந்தால் போதும். அவ்வரியை அவளிடம் சேர்ப்பவர் எவரோ, அவரும் உழைச்செல்வாரே.

செவிலியர் அறம் செழிக்க! இலக்கிய வட்டம் வளர்க!